மொனிட்டர் வாங்குமுன் ஒரு சிறு கணக்கு

கணினி விளையாட்டு இன்று நானாமாருக்கும் தம்பிமாருக்கும் மட்டும் உரியதல்ல. நம் தோழியர் பலரும் ஆடுகிறார்கள். அவர்கள் வீட்டில் கேட்கும் பொருள்களில் ஒன்று "144 ஹேட்ஸ் மொனிட்டர்". கேட்கும் பிள்ளையும் காசு கொடுக்கும் வாப்பாவும் அந்த எண்ணின் பொருளை அறிந்திருக்க வேண்டும்.

பௌதிகவியலில் நாம் படிக்கும் மீடிறன்தான் இது. 60 ஹேட்ஸ் மொனிட்டர் ஒரு செக்கனில் 60 தடவை படத்தைப் புதுப்பிக்கிறது. 1000 மில்லிசெக்கனை 60 ஆல் வகுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிசெக்கன். 144 இல் அது 6.9, 240 இல் 4.2. இடைவெளி குறையக் குறைய அசைவு சீராகத் தெரியும்.

இப்போது கழித்துப் பாருங்கள். 60 இலிருந்து 144 க்கு மாறினால் ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் குறைகிறது. 144 இலிருந்து 240 க்கு மாறினால் குறைவது 3 கூட இல்லை. எண் பெரிதாகிறது, பயன் சிறிதாகிறது.

அந்தப் பயனும் எல்லா ஆட்டங்களிலும் ஒன்றல்ல. வலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற வேகப் போட்டிகளில் 144 நன்கு உதவும். புதிர் விளையாட்டுகளுக்கும், பாட வேலைகளுக்கும் 60 போதும்.

அடுத்தது முக்கியமானது. மொனிட்டர் படத்தை வரைவதில்லை, காட்டுகிறது. வரைவது கணினியிலுள்ள கிராபிக்ஸ் கார்ட். அது செக்கனுக்கு 50 படங்கள் தந்தால், 240 ஹேட்ஸ் மொனிட்டரிலும் 50 புதிய படங்களே தெரியும். ஆகவே, வாங்குமுன் வீ-சிங்க் வசதியை அணைத்துவிட்டு, விளையாட்டு காட்டும் எப்.பி.எஸ். எண்ணைப் பாருங்கள். அது 60 ஐத் தாண்டவில்லையெனில், புதிய மொனிட்டருக்குக் கொடுக்கும் காசு வீண்.

திரையின் பிக்சல்களையும் கவனியுங்கள். 1920×1080 திரையைவிட 2560×1440 திரையில் ஏறத்தாழ 1.8 மடங்கு பிக்சல்கள் உண்டு. கார்ட்டுக்கு வேலை கூடும், எப்.பி.எஸ். இறங்கும். சாதாரண கணினிக்கு முதலாவதே பொருத்தம்.

கார்ட்டின் வேகமும் மொனிட்டரின் வேகமும் ஒத்துப்போகாதபோது, படம் குறுக்கே கிழிந்ததுபோல் தோன்றும். இதைத் தவிர்க்க ஃப்ரீசிங்க் அல்லது ஜீ-சிங்க் உள்ளதைத் தெரிவு செய்யலாம். திரை வகைகளில் ஐ.பி.எஸ். நிறங்களை நன்றாகக் காட்டும். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. வி.ஏ. திரையில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் இருண்ட காட்சிகளில் அசையும் உருவத்தின் பின்னே நிழல் இழுபடலாம்.

வாங்கி வந்த பின்னும் ஒரு வேலை உண்டு. விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் 144 ஐத் தெரிவு செய்யாவிட்டால், அது 60 இலேயே ஓடக்கூடும். அங்கே 144 தென்படாவிட்டால் வடத்தைச் சோதியுங்கள், பழைய எச்.டி.எம்.ஐ. இணைப்பைவிட டிஸ்பிளே போர்ட் நம்பகமானது.

தோழியரே, "எத்தனை ஹேட்ஸ்?" என்று கடையில் கேட்குமுன், "எந்த ஆட்டம்? எத்தனை எப்.பி.எஸ்.?" என்று வீட்டிலேயே கேளுங்கள். பெற்றோரே, இந்த இரண்டுக்கும் பிள்ளை விடை சொன்னால், அது வெறும் ஆசையல்ல, கணக்குப் பார்த்த கோரிக்கை என்று கொள்ளலாம்.