கர்னல் டீமில் பெயர் வாங்க வேண்டுமா? கான்ஃபிக் ஃபைலில் கை வையுங்கள்

கர்னல் டெவலப்பர் ஆக நினைக்கிற எல்லோருக்கும் புது டிரைவர் எழுதத்தான் ஆசை. அங்கே போட்டி அதிகம். பழைய கான்ஃபிக் ஆப்ஷன்களை ஒன்றாக்கும் கிளீன்-அப் வேலைக்கு ஆள் குறைவு, மெயின்டெய்னரின் கண்ணில் படுவதோ சீக்கிரம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸையே பாருங்கள். எல்லா பிராசஸருக்கும் பொதுவான இன்டரப்ட் கோடு 2006-ல் 2.6.18-ல் வந்துவிட்டது. ஆனாலும் அதற்கான கான்ஃபிக் வரிகளை ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தது. 2010-ல் தாமஸ் கிளைக்ஸ்னர் இதற்கென்று ஒரே பொது கேகான்ஃபிக் ஃபைலைக் கொண்டுவந்தார். ஆர்க்கிடெக்சர்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. 2013-ல் கடைசியாக ஐபிஎம் மெயின்ஃபிரேமின் எஸ்390-ம் அந்தப் பொது இன்டரப்ட் கோடுக்கு மாறியதும், அதை ஆன் செய்யும் ஜெனரிக் ஹார்டுஐஆர்க்யூ என்ற ஆப்ஷனுக்கே வேலை இல்லாமல் போனது, தூக்கிவிட்டார்கள். உங்கள் இலக்கும் அந்தக் கடைசி டெலீட் வரை போக வேண்டும்.

1. முதலில் ஆப்ஷனின் பெயரை கிட் கிரெப்பில் தேடுங்கள். சி ஃபைலோடு நிறுத்தாதீர்கள். மேக்ஃபைல், டெஃப்கான்ஃபிக் எல்லாவற்றையும் அலசுங்கள். ஆப்ஷனின் பெயரை மாற்றிவிட்டு டெஃப்கான்ஃபிக்கில் பழைய பெயரை விட்டால் பில்ட் எரர் வராது. அந்த வசதி சத்தமில்லாமல் ஆஃப் ஆகிவிடும். பழி உங்கள் தலையில் விழும்.

2. 'செலக்ட்' வரியை அளவோடு போடுங்கள். அது டிபெண்டன்சியைப் பார்க்காமலே ஆப்ஷனை ஆன் செய்துவிடும். மெனுவில் தெரியாத, எதையும் சாராத ஆப்ஷனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பேட்சைப் பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. பொது ஃபைல் முதல் பேட்ச், ஆர்க்கிடெக்சருக்கு ஒன்றாக அடுத்தவை, பழையதை நீக்குவது கடைசி. ஒவ்வொரு பேட்ச்சோடும் கர்னல் பில்ட் ஆகியே தீர வேண்டும். இல்லையென்றால் பின்னால் பக் தேடி பைசெக்ட் செய்கிறவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உருவான டாட்-கான்ஃபிக் ஃபைல்களை டிஃப் எடுங்கள். எந்தெந்த ஆர்க்கிடெக்சரில் பார்த்தீர்கள், என்ன வித்தியாசம் வந்தது என்று கவர் லெட்டரில் எழுதுங்கள். என் அனுபவத்தில் ரிவ்யூவரின் நம்பிக்கையைச் சம்பாதிப்பது இந்த நாலு வரிதான்.

4. இரண்டு வார மெர்ஜ் விண்டோவில் புது சீரீஸ் அனுப்பாதீர்கள்.

ரெஸ்யூமேயில் 'கர்னல் அறிவு உண்டு' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். நீங்கள் மெர்ஜ் ஆன கமிட் ஐடியைப் போடுங்கள். ஏன் அந்த ஆப்ஷனை எடுத்தீர்கள் என்று இரண்டு நிமிடம் பேசவும் தயாராகப் போங்கள்.