பன்றியின் சினைப்பருவம்: எந்த அறிகுறியை நம்பிச் சேர்ப்பது?

பெண் பன்றி பருவத்துக்கு வந்ததைக் காட்டும் அறிகுறிகள் பல. அவற்றில் எதிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டுச் சேர்ப்பது என்பதில்தான் பண்ணையாளர்கள் பலரும் தடுமாறுகிறார்கள். பன்றி அசையாமல் நிற்பதை மட்டும் கணக்கில் எடுங்கள் என்பேன். மற்றவையெல்லாம் முன்னறிவிப்புகளே.

பிறப்புறுப்பு சிவந்து தடிப்பதுதான் முதலில் கண்ணில் படும். இன்னும் ஈனாத இளம் பன்றிகளில் அது பளிச்சென்று தெரியும். பல ஈற்றுக் கண்ட தாய்ப் பன்றிகளில் தெரியாமலே போகலாம். இந்த வீக்கம் பருவத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கி, பருவம் வரும்போது வடிய ஆரம்பித்துவிடும். வீக்கத்தைப் பார்த்ததுமே சேர்ப்பது அவசரம். தீவனம் ஒதுக்குவது, உறுமிக்கொண்டே திரிவது, மற்ற பன்றிகள் மேல் தாவுவது ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

இடுப்புக்கு முன்னால் முதுகில் இரு கைகளாலும் அழுத்திப் பாருங்கள். பருவத்தில் இருப்பது கால்களை ஊன்றி அப்படியே நிற்கும். வெள்ளை யார்க்‌ஷயரின் காதுகள் விறைத்து நிமிரும். கிடா (ஆண் பன்றி) அருகில் இல்லாமல் சோதித்தால் ஏறக்குறைய பாதிப் பன்றிகள்தான் நிற்கும். நுரை தள்ளும் வளர்ந்த கிடா முகத்துக்கு நேரே நின்றால் அநேகமாக எல்லாமே நிற்கும். அதன் எச்சிலில் உள்ள ஆண்ட்ரோஸ்டெனோன் வாசனைதான் காரணம். ஆனால் கிடாவை நாள் முழுதும் பக்கத்துக் கொட்டிலிலேயே அடைத்துவைக்காதீர்கள். வாசனை பழகிப்போனால் பெண் பன்றி சரியாக நிற்காது.

பருவம் தாய்ப் பன்றிக்கு இரண்டு மூன்று நாள், இளம் பன்றிக்கு ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். சினைமுட்டைகள் வெளியாவது அதில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகுதான். 60 மணி நேரம் நிற்கும் பன்றிக்கு ஏறக்குறைய 40ஆவது மணியில். 36 மணி நேரமே நிற்பதற்கு 24ஆவது மணியில். விந்தணு உள்ளே ஒரு நாள் வாக்கில் தாக்குப்பிடிக்கும், முட்டையோ சில மணி நேரம்தான். ஆகவே விந்து முன்பே போய்க் காத்திருக்க வேண்டும்.

எது எவ்வளவு நேரம் நிற்கும் என்று முன்கூட்டி அறிய ஒரு குறிப்பு உண்டு. குட்டிகளைப் பிரித்து நான்கைந்து நாளில் பருவத்துக்கு வருபவை நீண்ட நேரம் நிற்கும். ஒரு வாரம் தாண்டி வருபவை சீக்கிரம் முடித்துவிடும். காலையும் மாலையும் சோதிப்பவர் முதல் வகையை 24 மணி நேரம் கழித்துச் சேர்க்கலாம். இரண்டாம் வகையையும் இளம் பன்றியையும் 12 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். நாளுக்கு ஒருமுறை மட்டுமே பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. கண்டதும் சேர்த்து, மறுநாளும் நின்றால் மீண்டும் சேர்ப்பதே நல்லது.

கிடாவா, ஊசி விந்தா? நாலைந்து தாய்ப் பன்றிகளுக்காகக் கிடாவுக்குத் தீவனம் போடுவது கட்டாது என்பது சரிதான். இரவல் கிடாவோடு நோயும் வரலாம். ஆனாலும் செயற்கைமுறையில் சோதனைக்கேனும் ஒரு கிடா தேவைப்படும், அதை மறந்துவிடுகிறார்கள். திரவ விந்தை 17 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஐஸில் வைத்தால் கெட்டுவிடும். உறைவிந்து பன்றிக்குள் போனபின் தாக்குப்பிடிக்கும் நேரம் இன்னும் குறைவு, நேரம் பிசகாதவர்களுக்கே அது பொருந்தும். சினை பிடித்ததா என்று பார்க்க ஸ்கேன் கருவி சிறு பண்ணைக்குத் தேவையில்லை.

சேர்த்த 18 முதல் 24 நாளுக்குள் கிடாவை மறுபடி முன்னால் நிறுத்தி அழுத்திப் பாருங்கள். நின்றால் சினை பிடிக்கவில்லை.