சினை இறாலும் காணாமல் போகும் முட்டையும்

கேள்வி: தொட்டியில் வளரும் சிவப்புச் செர்ரி இறால் வயிறு நிறைய முட்டை சுமக்கிறது. பத்து நாளில் முட்டையைக் காணோம், குஞ்சும் இல்லை. என்ன காரணம்? கோமுகி ஆற்றில் கிடைக்கும் இறாலையும் இப்படித் தொட்டியில் பெருக்க முடியுமா?

– வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: செர்ரி இறாலின் சினைப்பை நிரம்பியதும் தலைக்குப் பின்னால் முதுகில் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு திட்டு தெரியும். அடுத்த முறை பெண் தோலுரித்ததும் அதன் வாசம் தண்ணீரில் பரவ, ஆண்கள் தொட்டி முழுக்கத் தறிகெட்டு நீந்தும். இணை சேர்ந்த சில மணி நேரத்தில் முட்டைகள் இறங்கி, வயிற்றடியில் இருக்கும் நீந்துகால்களில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் 20, 30 முட்டைதான். தாய் அந்தக் கால்களை ஓயாமல் விசிறி முட்டைகளுக்குப் பிராணவாயு கொடுக்கும், கெட்டுப்போனதைக் கழித்துவிடும். 25 டிகிரி வெப்பத்தில் இப்படி ஏறக்குறைய நான்கு வாரம் சுமக்க வேண்டும். கடைசி நாட்களில் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரியும்.

பத்தாம் நாளே முட்டை உதிர்ந்தால் முதல் சந்தேகம் வெயில் மீது. கள்ளக்குறிச்சியில் சித்திரை, வைகாசியில் மூடிய அறைத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். இதே இனத்தை 24, 28, 32 டிகிரியில் வளர்த்துப் பார்த்த அர்ஜென்டினா ஆய்வாளர்கள், 32 டிகிரியில் இனப்பெருக்கம் தடைபட்டதை 2015இல் பதிவு செய்தார்கள். தொட்டி மூடியைத் திறந்து, நீர்மட்டத்தின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆவியாகிப் போன அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம். போர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பு கூடிக்கொண்டே போகும்.

ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றுவதும் ஆபத்து. அந்த அதிர்ச்சியில் இறால் அகாலமாகத் தோலுரித்தால், ஒட்டியிருந்த முட்டையும் தோலோடு போய்விடும்.

அடுத்தது விஷம். மீன் நோய்க்கான சில மருந்துகளில் செம்பு இருக்கிறது. மீன் தாங்கும் அளவை இறால் தாங்காது. கரும்பு, மக்காச்சோளம், பருத்தி விளையும் வட்டாரம் என்பதால், மருந்தடித்த வயலோரத்துக் கீரையையும் வாதாம் இலையையும் தொட்டியில் போடவே கூடாது. பூச்சிக்கொல்லிகளில் பல, பூச்சியின் உறவான இறாலையும் கொல்லும்.

இவை எதுவும் இல்லாமல் முட்டை உதிர்ந்தால், அவை கருவுறாத முட்டைகளாக இருக்கலாம். தொட்டியில் ஆண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறம் மங்கி, உடல் ஒல்லியாக இருப்பது ஆண். முதல்முறை சினைப்பட்ட பெண் முட்டையை உதிர்ப்பதும் சகஜம்.

ஆற்று இறால் விஷயம் வேறு. சினை இறாலின் முட்டையைப் பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும். முட்டை பெரிதாக, எண்ணிவிடும்படி இருந்தால், செர்ரியைப்போல் முழு உருவத்தோடு குஞ்சு வெளிவர வாய்ப்புண்டு. பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கில் இருந்தால் வெளிவருவது மிதக்கும் இளம்புழு. அவற்றில் பலவற்றுக்கு உவர்நீர் வேண்டும். ஜப்பானிய அமானோ இறால் இந்த ரகம்தான். சந்தையில் விற்கும் பெரிய நன்னீர் இறாலான ‘ஸ்கேம்பி’யும் அப்படியே, அதன் குஞ்சு பிழைக்க உவர்நீர் தேவை என்பதை ஷாவ் வென் லிங் 1961இல் மலேசியாவில் கண்டறிந்த பிறகே பொரிப்பகங்கள் சாத்தியமாயின.

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையருகே கடல் சேர்கின்றன. உவர்நீர் தேடும் இனங்களின் சினை இறால் அந்த முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். குஞ்சுகள் பிறகு மேலேறி வரும். நடுவே கோமுகி அணை, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு என்று தடைகள் நிற்கின்றன. அந்தப் பயணத்துக்கான உப்பு வீட்டுத் தொட்டியில் கிடைக்காது. இளம்புழுவாக வெளிவந்தவை நல்ல தண்ணீரிலேயே இருந்தால் சில நாளில் சாகும்.

பெரிய முட்டை இனம் கிடைத்தால் தனித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் பாசி ஆகியவை போதும். மீன் மட்டும் வேண்டாம், குஞ்சைத் தின்றுவிடும். சினை இறாலை வலையால் அள்ளாமல் தண்ணீரோடு கிண்ணத்தில் மொண்டு மாற்ற வேண்டும். அதிகமாகப் பெருகிய செர்ரி இறாலைக் கோமுகியிலோ ஊர் ஏரியிலோ விடக்கூடாது. அது தைவான், சீனப் பக்கத்து இனம். வேறு வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.