அந்த முகப்படத்தை மூடிவையுங்கள்

ஸ்பானிய மொழியில் முகத்தின் உறுப்புகளைப் படிக்க உட்காருகிறவர்கள், அம்புக்குறி போட்ட அந்த முகப்படத்தை முதலில் மூடிவையுங்கள். சென்னையில் எங்கள் வகுப்பில் அதை வைத்துத்தான் ஒப்பிக்கச் சொன்னார்கள். ஓஹோ கண், நரீஸ் மூக்கு, போக்கா வாய், ஒரேஹா காது. முழு மதிப்பெண்ணும் போட்டார்கள்.

வேலைக்காக மாட்ரிட் போன முதல் குளிர்காலத்தில் காதுக்குள் தாங்க முடியாத குத்தல். இரவில் முறைவைத்துத் திறந்திருக்கும் மருந்துக்கடையைத் தேடிப் போய், ஒரேஹா வலிக்கிறது என்றேன். கடைக்காரம்மா என் காதுமடலை உற்றுப் பார்த்து, காயம் எங்கே என்று கேட்டார். ஒரேஹா என்பது வெளியே தெரியும் மடல். உட்காதுக்கு ஒயீதோ என்று தனிச்சொல் இருக்கிறது. படத்தின் அம்புக்குறி மடலோடு நின்றுவிட்டது, ஆசிரியரும் அங்கேயே நின்றுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம், எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே சொல்லித் தந்தது. "என் காது" என்று தொடங்கி வாக்கியம் கட்டவைத்து, பிறகு அது தப்பு என்று அடித்தார்கள். ஸ்பானியர்கள் நம்மைப்போல "எனக்குக் காது வலிக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள்: மே துவேலே எல் ஒயீதோ. அந்த 'மே'தான் நம் 'எனக்கு'. இரண்டு கண்ணும் வலித்தால் வினையும் பன்மையாகும்: மே துவேலென் லோஸ் ஓஹோஸ். முகம் கழுவிக்கொள்கிறேன் என்பதற்கு மே லாவோ லா காரா. நம் 'கொள்' செய்கிற வேலையை அங்கேயும் 'மே' செய்கிறது. 'என் முகத்தை' என்று சொல்லவே வேண்டாம். தமிழ்ப் பிள்ளைக்கு இது பிறவிச் சொத்து. அதைப் பிடுங்கிவிட்டுக் கட்டணமும் வாங்கினார்கள்.

மற்றதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும். புருவம் லா சேஹா, உதடு எல் லாபியோ, இமை எல் பார்ப்பதோ. எல், லா சேர்க்காமல் எதையும் எழுதிவைக்காதீர்கள்: லா ஃப்ரெந்தே நெற்றி, எல் ஃப்ரெந்தே போர்முனை. கன்னத்துக்கு ஸ்பெயினில் மெஹீயா. மெக்சிகோக்காரர்கள் காச்சேத்தே என்பார்கள். ஸ்பெயினில் அந்தச் சொல்லுக்குக் கையால் விடும் அறை என்றும் பொருள் உண்டு, பார்த்துப் பேசுங்கள்.

காலையில் பல் தேய்க்கும்போதும் முகம் கழுவும்போதும் செய்வதை முதலில் தமிழில் சொல்லி, உடனே ஸ்பானியத்தில் சொல்லுங்கள். உங்கள் ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தால், "எனக்குக் காது வலிக்கிறது" என்று பலகையில் எழுதி, இங்கிருந்து தொடங்குங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.