நகரசபைக் கணக்கும் கடைத்தெருக் காவலும்

கடைத்தெருவில் திருட்டு நடந்தாலும் தீப்பிடித்தாலும், "நகரசபை என்ன செய்கிறது?" என்று கேட்பது நம் வியாபாரிகளின் வழக்கம். யாரிடம் எதைக் கேட்பது என்று அறிந்து கேட்டால்தான் பலன் உண்டு.

தீபகற்ப மலேசியாவில் போலீஸ் படை மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தது. நகரசபைகள் நடத்திவந்த தீயணைப்புப் படைகளையும் 1976-ல் மத்திய அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. ஆகவே போலீஸ்காரரையோ பொம்பா வண்டியையோ அதிகப்படுத்தித் தர நகரசபையால் இயலாது. தெருவிளக்கு, பின்சந்து, கால்வாய், லைசென்ஸ், அமலாக்க அதிகாரிகள் முதலியவற்றையே அதனிடம் கேட்கலாம்.

இவற்றுக்காக ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுக்கப்படுகிறது. நாம் செலுத்தும் மதிப்பீட்டு வரி அதன் வரவில் முக்கியமானது. 1976-ஆம் வருட ஸ்தல ஸ்தாபனச் சட்டப்படி, தினக்கூலி வேலைகள் நீங்கலாக, உத்தியோகப் பட்டியலுக்கு மாநில அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும். 8 முதல் 24 வரையுள்ள அங்கத்தினர்களையும் மாநில அரசாங்கமே நியமிக்கிறது. ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டன.

ஓட்டு இல்லை என்பதால் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. சபையின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று அதே சட்டம் கூறுகிறது. திட்டம் முடிவாகுமுன் தெருவார் ஒன்றுகூடி மனுக் கொடுக்க வேண்டும். எந்த விளக்கு எத்தனை இரவு எரியவில்லை என்று கணக்கோடு எழுதுக.

நம் சரக்குப் பெட்டிகளே பின்சந்தை அடைத்துக் கிடந்தால் பொம்பா வண்டி நுழைய வழி ஏது? பொதுவழியும் ஓர் அமானிதமே. பாதையின் இடையூறை நீக்குவது தருமம் என்று நம் மார்க்கம் போதிக்கிறது. மனு எழுதுமுன் சந்தைச் சுத்தம் செய்வோமாக!