குளியல் நீரும் கடைக்கோடி வீடும்

மேல்மடையில் அளவு மீறினால் கடைமடை காயும் என்பதை நம் விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அதே நியதி வீட்டுக் குழாய்க்கும் பொருந்தும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரை மாநகரின் தென்பகுதியிலுள்ள வில்லாபுரம், குடிநீருக்காகப் பெருந்துயர் கண்ட இடம். நெசவுத் தொழிலாளியும் மாநகராட்சி மாமன்ற உறுப்பினருமான லீலாவதி அம்மையார், அப்பகுதி மக்களுக்குக் குழாய்நீர் கிடைக்கப் பாடுபட்டார். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணீருக்கு இத்துணை விலை கொடுத்த மண்ணில், குளியலறையில் அது வீணே ஓடுதல் தகுமா?

இன்று கிராமத்துப் புது வீடுகளிலும் மாடித் தொட்டியும் ஷவரும் இடம்பெறுகின்றன. 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வகுத்துள்ளது. ஆனால் நிமிடத்திற்கு 12 லிட்டர் பொழியும் ஷவரின் கீழ் 8 நிமிடம் நின்றால் 96 லிட்டர் செலவாகிவிடும்! வாளியும் செம்பும் கொண்டு குளிப்பவருக்கு ஓரிரு வாளியே போதும்.

முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். 10 லிட்டர் வாளியை ஷவரின் கீழ் வைத்து, முழுதும் திறந்து, நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் காண்க. 50 விநாடியில் நிரம்பினால் நிமிடத்திற்கு 12 லிட்டர்; 100 விநாடி ஆனால் 6 லிட்டர். இப்பிந்தைய அளவே குளியலுக்குப் போதுமானது. தொட்டி தாழ்வாக இருக்கும் வீடுகளில் அழுத்தம் குறைவாதலால், வேகம் முன்னரே குறைந்திருக்கக்கூடும். அங்கு மேலும் குறைத்தல் வேண்டா.

வேகம் மிகுந்தால் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, ஷவருக்குச் செல்லும் குழாயின் வால்வைச் சிறிது மூடி வைத்தல். இதற்குச் செலவே இல்லை. இரண்டு, மரையினுள் சிறு துளையுள்ள வாசர் ஒன்றை இடுதல். துளையின் குறுக்களவு பாதியானால் அதன் பரப்பு கால்பங்காகிவிடும். ஆதலால் மிகச் சிறிய துளை உதவாது. மூன்று, குறைந்த நீரையே பரவலாகத் தூவும் ஷவர் தலையை மாற்றிப் பொருத்துதல். உப்புப் படிந்து துளைகள் அடைபட்டால் ஊசியால் நீக்குக. சோப்புத் தேய்க்கும்பொழுது குழாயை மூடுவது எல்லோர்க்கும் இயலும்.

ஒன்றை மறத்தலாகாது. தொட்டியில் மிதவை வால்வு இல்லையேல், சேமித்த நீர் நிரம்பி வழிந்து சாக்கடையில் சேரும். வால்வு இருப்பின், தொட்டி விரைவில் நிரம்பி அடைபடும். குழாயின் அழுத்தம் அடுத்த வீடுகளுக்குச் செல்லும். கடைக்கோடி வீட்டுத் தாய்மார்கள் குடத்துடன் காத்திருக்கும் நேரமும் அதனால் குறையும்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் இல்லத்தில் முதலில் அளந்து, மார்ச் 22, உலக நீர் நாள் கிராம சபையில் கண்ட பயனை எடுத்துக் கூறுவார்களாக. மேல்வீட்டார் அளவறிந்து திறந்தால், கடைவீட்டார் குடமும் நிறையும்.