ஆட்டிறைச்சியும் கொலஸ்திரோலும்

"ஆட்டிறைச்சி தின்றால் கொலஸ்திரோல் ஏறிவிடும்" என்ற பயம் ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் பரவலாக உண்டு. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் லயன் அறையையும் மரக்கறிப் பாத்தியையும் இழந்து, ஓரிரு ஆடுகளோடு வேறிடம் போய்த் தங்கிய குடும்பங்களிடமும் இதே பேச்சுத்தான். ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கொலஸ்திரோல் நஞ்சல்ல. உடம்புக்குத் தேவையான ஒரு கொழுப்புப் பொருள் அது. பெரும்பகுதியை நம் ஈரலே உண்டாக்கிக் கொள்கிறது. வரம்பு மீறினால்தான் இரத்தக் குழாய்களில் படிந்து மாரடைப்புக்கு வழிவிடும்.

கொழுப்பு நீக்கிச் சமைத்த 100 கிராம் ஆட்டிறைச்சியில் கொலஸ்திரோல் ஏறத்தாழ 75 மில்லிகிராம். தோல் நீக்கிய கோழியில் அது 89. ஆட்டை ஒதுக்கிவிட்டுக் கோழிக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரத்தத்தில் கெட்ட கொலஸ்திரோலை அதிகம் உயர்த்துவது நிரம்பிய கொழுப்பு. அந்த 100 கிராம் இறைச்சியில் இது ஒரு கிராம்கூட இல்லை. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயிலோ சுமார் 11 கிராம்! நுவரெலியாக் குளிரில் போத்தலுக்குள் வெள்ளையாய் உறைந்து நிற்பது இந்தக் கொழுப்புத்தான். "கொலஸ்திரோல் அற்றது" என்று போத்தலில் எழுதியிருப்பது பொய்யல்ல. ஆனால் முழுக்கதையும் அல்ல. கறியில் ஊற்றும் எண்ணெயையும் கட்டிப் பாலையும் விட்டுவிட்டு ஆட்டின்மேல் பழி போடுகிறோம்.

இறைச்சியோடு ஒட்டிய வெள்ளைக் கொழுப்பை வெட்டி எறியுங்கள். முதல் நாள் இரவே அவித்து வைத்தால், காலையில் மேலே ஆடைபோல் உறைந்திருக்கும், கரண்டியால் வழித்துவிடலாம். எண்ணெயைக் குறைத்து, உருளைக்கிழங்கு, போஞ்சி, கரட் சேர்த்தால் குழம்பும் பெருகும். ஈரலிலும் மூளையிலும் கொலஸ்திரோல் பல மடங்கு அதிகம். இரத்தத்தில் கொலஸ்திரோல் கூடியவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

நம் வீடுகளில் இறைச்சி அதிகமாகிப் போனதல்ல பிரச்சினை. 2016 இல் எடுத்த நாடளாவிய சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரத்தச்சோகையும் சாதாரணம். ஆட்டிறைச்சியின் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். அப்படியிருந்தும் சட்டியில் நல்ல துண்டு ஆண்களுக்கு, அடிக்குழம்பு அம்மாவுக்கு என்றுதானே பல வீடுகளில் பங்கு நடக்கிறது? கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் முதலில் வையுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் சோறு, பருப்பு, கீரையிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலமாவது கழியட்டும்.

கொலஸ்திரோலுக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு குளிசையை நிறுத்தக் கூடாது. எவ்வளவு இறைச்சி சாப்பிடலாம் என்று அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடமே கேளுங்கள். இடம் மாறி வந்தவர்கள் பழைய கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள்.